சுண்ணாம்பு பூசின முட்டியும் பூசாத முட்டியும்

கனடாவில இருக்கிற என்ர மச்சான் 2022 இல ஒருநாள் போன் எடுத்துச் சொன்ன கதையாலதான் கள்ளு லைசன்ஸ் எண்டு நான் அலைஞ்ச இவ்வளவு அலைச்சலும். அங்க அவன்ர வீட்டுக்குக் கிட்ட ஒரு ஆள் ரெண்டு கராஜ் அளவு இடத்தில பியர் காச்சிறானாம், லைசன்ஸ் எடுத்து, சுவர்ல சட்டம் போட்டு மாட்டிவச்சு, சனிக்கிழமை பின்னேரத்தில சனம் வரிசையில நிண்டு வாங்கிக்கொண்டு போகுதாம். "உங்கட காணிக்க நிக்கிற பனையில ஒவ்வொரு நாளும் சும்மா வடியுறத அவன் மிஷின் வச்சு காச்சுறான், நீ என்ன கொழும்பில இருந்து கணக்கு எழுதிக்கொண்டு இருக்கிறாய்" எண்டு கேட்டான். எனக்கு அப்ப வேலையும் ஆட்டம் காணத் தொடங்கீட்டுது, பெற்றோல் லைன்ல நிண்டே பாதி நாள் போகுது, கொழும்பில ரூம் வாடகையும் ஏத்திப்போட்டாங்கள். ஒரு பையோட முல்லைத்தீவில முள்ளியவளைப் பக்கம் வீட்டுக்கு வந்து சேந்தன்.

எங்கட காணியில ஒரு காலத்தில நூறுக்கு மேல பனை நிண்டதெண்டு அம்மா சொல்லுவா. சண்டைக் காலத்தில பாதிக்கு மேல பங்கருக்குத் தறிச்சாச்சு, மிச்சத்தில கொஞ்சம் செல் விழுந்து வட்டு போய் மொட்டையா நிண்டு பட்டுப்போச்சு. இப்ப நாப்பத்தி மூண்டு நிக்குது, அதில சீவக்கூடிய மாதிரி, அதாவது பாளையை அரிஞ்சு சாறு எடுக்கக்கூடிய மாதிரி நிக்கிறது முப்பத்திரண்டு. புதுசா நட்ட கண்டுகள் இருக்கு, ஆனா பனை பாளை தள்ள பதினைஞ்சு இருபது வருசம் எடுக்கும், அதுக்க எனக்கு மயிர் நரைச்சிடும். அதால இருக்கிற முப்பத்திரண்டும்தான் என்ர முதல். அதோட ஒரு ஆள், என்ர மாமா, அம்மான்ர தம்பி. பதினாறு வயசில தளநார் (மரமேற காலில மாட்டுற நார் வளையம்) போட்டவர், இப்ப அறுபத்திரண்டு, இண்டைக்கும் விடிய நாலரைக்கு பாளைக்கத்தி தீட்டுற சத்தத்தில தான் நான் எழும்புறது.

அம்மம்மாவுக்கு நான் இந்தக் கதை எடுத்ததே பிடிக்கேல்ல. "படிச்சுப்போட்டு கள்ளு விக்கப் போறியோ, உன்ர கொப்பன் உயிரோட இருந்தா" எண்டு தொடங்கீட்டா. அவ சொல்லுறதுக்குள்ள என்ன இருக்கெண்டு எங்கட ஊர் ஆக்களுக்கு விளங்கும், நான் விரிச்சு எழுதேல்ல. மரமேறுற ஆளின்ர கையால கள்ளு வாங்கிக் குடிச்சுப்போட்டு அதே ஆளுக்கு கதிரை குடுக்காத வீடுகள் இருந்த ஊர்தானே.

சரி, விசயத்துக்கு வாறன். நான் முதல் விட்ட பிழை என்னெண்டா, லைசன்ஸ் எண்டது ஒண்டு எண்டு நினைச்சது. ஒரு போம் இருக்கும், நிரப்பிக் குடுத்தா ஒரு அட்டை தருவாங்கள், கனடாக்காரன் மாதிரி சுவரில மாட்டலாம். மதுவரிக் கந்தோருக்குப் போனன், அங்க இருந்த ஒரு வயசான உத்தியோகத்தர், நல்ல மனுசன், என்ர கதை முழுக்கக் கேட்டுப்போட்டு ஒரு கேள்விதான் கேட்டார். "தம்பி, நீர் சீவப் போறீரோ, விக்கப் போறீரோ, போத்தில்ல அடைக்கப் போறீரோ, வடிக்கப் போறீரோ?" நான் நாலும் எண்டன். அவர் சிரிச்சுப்போட்டு தேத்தண்ணி ஒண்டு எடுப்பிச்சுத் தந்தார். அண்டைக்கு அவர் முக்கால் மணித்தியாலம் சொல்லித் தந்ததுதான் பிறகு நான் அலைஞ்சு திரிஞ்சு படிச்ச எல்லாத்துக்கும் அடிப்படை.

எங்கட நாட்டில இதுக்கெல்லாம் மூலம் 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இடைக்கிட திருத்தி திருத்தி இண்டைக்கும் அதுதான் ஓடுது. அதின்ர மனசு எப்பிடி வேலை செய்யுதெண்டு விளங்கினா பாதிக் குழப்பம் தீந்திடும். அது சாராயத்தை மட்டும் பிடிக்கிற சட்டம் இல்லை, துளி வெளிய வாற இடத்தில இருந்து ஆள் வாயில வைக்கிற இடம் வரைக்கும் ஒவ்வொரு படியிலயும் ஒரு கேற் போடுற சட்டம். மரத்தில கள்ளு இறக்க ஒரு அனுமதி. அத ஒரு இடத்தில இருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டு போக, அளவுக்கு மேல வச்சிருக்க ஒரு அனுமதி. விக்க இன்னொண்டு. போத்தில்ல அடைக்க வேற ஒண்டு. வடிச்சு சாராயம் ஆக்கிறதெண்டா அது வேற உலகம், அதுக்கு எங்களமாதிரி முப்பது மரத்துக்காரன் கனவும் காணக்கூடாது, வடமராட்சியில திக்கம் வடிசாலை மாதிரி இடங்களுக்கான கதை அது. வீட்டில பானையும் குழாயும் வச்சு ஒரு போத்தில் வடிச்சாலும் அது கசிப்பு எண்டுற கள்ளச்சாராயம்தான், நீங்க எவ்வளவு சுத்தமான பனங்கள்ளில வடிச்சாலும் சரி. மச்சான் சொன்ன கனடாக்காரன்ர பியர்க்கடை ஒரே கூரைக்க காச்சி, அடைச்சு, ஊத்தி வித்துப்போடும். எங்களுக்கு அந்த ஒரே கூரை எண்ட யோசனைதான் முதல் உடையிறது.

இரண்டாவது பிரச்சினைதான் பெரிசு, அதைப்பற்றி ஒருத்தரும் எழுதி நான் காணேல்ல. பியர் காச்சிறவன் எப்ப மதுசாரம் தொடங்குதெண்டு தான் முடிவெடுக்கிறான், ஈஸ்ற் போட்டாத்தான் தொடங்கும். பனை அப்பிடியில்ல. பாளையில இருந்து சொட்டேக்க அது இனிப்புத் தண்ணி, நூற்றுக்கு பன்ரண்டு பதினாலு சீனி மட்டில இருக்கும். பாளையில கட்டின முட்டியில, அந்த மண்பானையில, விழுந்த நிமிசத்தில இருந்து காத்தில இருக்கிற ஈஸ்ற், போன கிழமை முட்டியில ஒட்டிக் கிடந்த ஈஸ்ற் எல்லாம் சேந்து வேலையத் தொடங்கீடும். பின்னேரம் கட்டின முட்டி விடிய இறக்கேக்க நாலு அஞ்சு வீதம் மதுசாரம் ஏறி நுரை தள்ளிக்கொண்டு நிக்கும். ஒரு நாள் தாண்டினா புளிச்சு வினாகிரிப் பக்கம் போகத் தொடங்கீடும். ஆக, ஒரே மரம், ஒரே பாளை, ஒரே முட்டி, ஆனா காலமை ஆறு மணிக்கு ஒரு சட்டம், முதல் நாள் பின்னேரம் ஆறு மணிக்கு வேற சட்டம். நீங்க ஒண்டுமே செய்யாம கட்டில்ல நித்திரை கொண்டாலும் முட்டி அதுபாட்டுக்கு மது உற்பத்தி செய்துகொண்டிருக்கும்.

இதை நிப்பாட்டுறது சுண்ணாம்பு ஒண்டுதான். முட்டியின்ர உள்பக்கம் சுண்ணாம்பு பூசிக் கட்டினா புளிக்காது, அது கருப்பநீர். பூசாமக் கட்டினா கள்ளு. காச்சிப் பனங்கட்டி ஆக்கிறதுக்கு கருப்பநீர்தான் வேணும். சட்டத்தின்ர கண்ணிலயும் இனிப்பா நிக்கிறது வேற, புளிச்சது வேற. இத நான் புத்தகத்தில படிச்சு விளங்கேல்ல, றோட்டில படிச்சன்.

2023 மாசியில, எனக்கு ஒரு அனுமதியும் கையில இல்லாத நேரம், கருப்பநீர்தானே அதுக்கு என்ன பயம் எண்டு ரெண்டு இருபது லீற்றர் கானில ஏத்திக்கொண்டு மோட்டச்சைக்கிள்ல புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு ஓடருக்குப் போனன். சுண்ணாம்பு அண்டைக்கு முடிஞ்சுபோய்க் கிடந்தது, இருந்ததை எல்லா முட்டிக்கும் மெல்லிசா இழுகிவிட்டன், மாமா சொன்னவர் "காணாதடா மருமோன்" எண்டு, நான் கேக்கேல்ல. வெயில், பிளாஸ்ரிக் கான், குலுக்கல் றோட்டு. மதுவரி ஆக்கள் மறிச்சினம். மூடி திறந்த உடன புஸ்ஸெண்டு ஒரு சத்தம், எனக்கு அந்தச் சத்தத்திலயே விளங்கீட்டுது. மணம் பிடிச்சுப்போட்டு "இது என்ன தம்பி, கருப்பநீரோ?" எண்டு அந்த ஆள் கேட்ட மாதிரி என்னை என்ர வாத்தியார்கூட கேட்டதில்லை. நல்ல காலம், நான் புதுசா தொடங்கிற ஆள், கந்தோருக்கு வந்து விசாரிச்சுப் போன ஆள் எண்டு அவருக்குத் தெரிஞ்சிருந்தது. நாப்பது லீற்றரும் றோட்டுக்கரையில ஊத்தினன். ஊத்தி முடிய எறும்பு வாறத பாத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிண்டன்.

அதுக்குப் பிறகு நான் சுண்ணாம்பில கஞ்சத்தனம் காட்டுறேல்ல. புளிப்புப் பாக்கிற பி.எச். கடதாசி ஒரு கட்டு வாங்கி வச்சிருக்கிறன், மலிவு, ஒரு துளி தொட்டா நிறம் மாறும். இறக்கின உடன ஒருக்கா, ஏத்த முதல் ஒருக்கா பாப்பன், புளிச்சா அந்த இலக்கம் குறையும், 8க்கு மேல நிண்டாத்தான் ஏத்துவன். குறைஞ்சிருந்தா நேர தாச்சியில ஊத்தி அடுப்பில வச்சிடுவன். ஒரு கொப்பியில திகதி, மரநம்பர், லீற்றர், பி.எச். எல்லாம் எழுதிவைக்கிறன். மாமா முதல் சிரிச்சவர், இப்ப அவரே "எழுதினியோ" எண்டு கேக்கிறார். யாரும் வந்து கேட்டா அந்தக் கொப்பியை எடுத்து நீட்டலாம், வாயால சொல்லுற நூறு கதைய விட அந்த எண்ணெய் பிடிச்ச கொப்பி பெறுமதி. ஆனா சுண்ணாம்பு அளவுக்கு மேல போனாலும் பனங்கட்டி கறுத்து ஒரு மாதிரி கைக்கும், அது கை பழகப் பழகத்தான் வரும்.

கள்ளுக்கு வருவம். எங்கட பக்கம் ஒரு சீவல் தொழிலாளி நேராப் போய் தனக்கெண்டு ஒரு கடை போட்டு விக்கிறதெண்டது நடக்கிற காரியமில்லை, பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கத்துக்கூடாகத்தான் எல்லாம். ஏன் அப்பிடி எண்டு எனக்கு முதல் எரிச்சல். பிறகு மாமாவும் இன்னும் ரெண்டு பழைய ஆக்களும் சொன்னதக் கேட்டாத்தான் விளங்கிச்சு. அவையின்ர தகப்பன்மாற்ற காலத்தில வடக்கில மரவரி முறை. மரத்துக்கு இவ்வளவெண்டு வரி கட்டிப்போட்டு சீவி அந்த மரத்தடியிலயே பனையோலைப் பிளாவில ஊத்தி விக்கிறது. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா மரம் காணிக்காரன்ர, வரி தொழிலாளியின்ர, கடன் குடிக்கிறவன்ர, கடைசியில ஏறினவன் கையில மிஞ்சினது கொஞ்சம். 1972 இல தொழிலாளிகளைச் சங்கமாச் சேத்து தவறணை, அதாவது அனுமதி உள்ள கள்ளுக்கடை முறைக்குக் கொண்டு வந்தது அதை மாத்தத்தான். கள்ளை சங்கம் எடுக்கும், அளந்து காசு தரும், தவறணையில விக்கும், லாபத்தில சேமநிதி, விழுந்து காலுடைஞ்சா ஒரு உதவி. தெற்கில தவறணைகளை வருசா வருசம் கேள்விமனு போட்டு, கூட விலை கேட்டவருக்குக் குத்தகைக்குக் குடுக்கிறாங்கள், வர்த்தமானியில அந்த அறிவித்தல் வாறதை நீங்களும் கண்டிருப்பியள். அந்த முறையில எங்கட மாமா மாதிரி ஆளுக்கு காசுள்ளவனோட போட்டி போட ஏலாது. அதால சங்கத்தைப்பற்றி எனக்கு ஆயிரம் குறை இருந்தாலும், அது இல்லாம இருந்திருந்தா தவறணைக் கதவில இண்டைக்கு ஆற்ற பேர் இருக்கும் எண்டு யோசிச்சுப் பாத்துப்போட்டுத்தான் வாய் திறக்கிறது.

ஆகவே நான் செய்தது, மாமான்ர அங்கத்துவத்தை புதுப்பிச்சது. மூண்டு வருசச் சந்தா நிலுவை கிடந்தது, கட்டினம். அடையாள அட்டைப் பிரதி, கிராம சேவகரின்ர வதிவிடக் கடிதம், பாஸ்போட் சைஸ் படம், காணி உறுதிப் பிரதி, காணி அம்மான்ர பேரில எண்டதால அம்மான்ர சம்மதக் கடிதம். இதில எங்களுக்கு அடிச்சது காணி. இடம்பெயரேக்க உறுதி துலைஞ்சு போச்சு, காணிக் கந்தோரில மூலப் பிரதி எடுக்க மட்டும் நாலு மாசம். வன்னியில எங்கள மாதிரி எத்தினை குடும்பத்துக்கு இந்தப் பிரச்சினை இருக்கும். கள்ளு, பனங்கட்டி, கோழிப்பண்ணை, எதைத் தொடங்க நினைச்சாலும் முதல் காணிப் பேப்பர சரிபாருங்கோ, மற்ற எல்லாம் அதுக்குப் பின்னாலதான் ஓடும். அதெல்லாம் முடிய மரத்துக்கு நம்பர் அடிச்சது. நம்பர் அடிச்ச மரத்தைத்தான் சீவலாம். பக்கத்துப் பனை நல்லா வடியுது எண்டு அதில ஏறிப்போட்டு பிடிபட்டா அது தனிக் கதை. பனைய தறிக்கிறதுக்கும் பெர்மிட், சீவுறதுக்கும் பெர்மிட், சும்மா நிண்டு விழுறதுக்கு மட்டும்தான் ஒண்டும் தேவையில்லை எண்டு மாமா சொல்லுவார்.

இந்த ஓட்டத்தில ஒரு கந்தோர், எது எண்டு சொல்லேல்ல, என்ர பைல் ரெண்டு தரம் காணாமப் போச்சு. முதல்தரம் நான் கும்பிட்டுக் கேட்டுத் திரும்பக் குடுத்தன். ரெண்டாம்தரம் ஒரு ஆள் மெல்லமா "தம்பி செலவுக்கு ஏதும் பாத்தா கெதியாய்க் கிடைக்கும்" எண்டார். குடுக்கேல்ல. குடுக்காததுக்கு நான் பெரிய நேர்மைக்காரன் எண்டில்ல, கையில காசில்லை. அடுத்த முறை போகேக்க குடுத்த ஒவ்வொரு பேப்பரிலயும் ரெண்டு பிரதி எடுத்து, ஒண்டில திகதி முத்திரை அடிச்சு வாங்கிக்கொண்டுதான் வந்தன். பதிவுத் தபாலிலயும் ஒரு செற் அனுப்பினன். காணாமப் போன பைல் அந்தக் கிழமையே கண்டெடுத்திட்டினம். இன்னொரு இடத்தில போம் சிங்களத்தில மட்டும்தான் இருக்கு எண்டு தந்தினம், தமிழில தாங்கோ எண்டு எழுத்தில கேட்டன், வந்திச்சு, பிந்தித்தான் வந்திச்சு, ஆனா வந்திச்சு. எழுத்தில கேக்கோணும், வாயால கேட்டா "இல்லை" எண்டு வாயாலயே முடிஞ்சிடும்.

இனி போத்தில் கதை. இதுதான் என்ர கனவு, மச்சானுக்குக் காட்ட ஆசைப்பட்டது. வடிவான லேபிள், பனை படம், முல்லைத்தீவு எண்டு பேர். போத்தில் கள்ளு எங்கட நாட்டில இல்லாத ஒண்டில்ல, சங்கங்களும் கொம்பனிகளும் செய்யினம், வெளிநாட்டுக்கும் போகுது. நான் லைசன்ஸுக்கு ஓட முதல் வீட்டில சும்மா பரீட்சை பாப்பம் எண்டு, சங்கத்துக்குக் குடுக்கிறதுக்கு இறக்கினதில ஆறு போத்தில் அடைச்சு அலுமாரிக்கு மேல வச்சன். இதையும் செய்திருக்கக்கூடாது, சொல்லிப்போட்டன். ராவு ரெண்டு மணிக்கு முதல் போத்தில் வெடிச்சுது. 2009 பாத்த வீட்டில ராவு ரெண்டு மணிக்கு அப்பிடி ஒரு சத்தம் கேட்டா என்ன நடக்கும் எண்டு நினைச்சுப் பாருங்கோ, அம்மம்மா கட்டிலுக்குக் கீழ. விளக்குப் போட்டுப் போக ரெண்டாவது வெடிச்சுது. கள்ளில சீனி மிச்சம் இருக்கேக்க மூடினா உள்ள இருக்கிற ஈஸ்ற் நிப்பாட்டாது, காஸ் விட்டுக்கொண்டே இருக்கும், கண்ணாடி எவ்வளவு தாங்கும். அடைக்கிறதெண்டா 65 பாகைக்கு மேல அரை மணித்தியாலம் மட்டில சூடாக்கி ஈஸ்றைச் சாகடிக்க வேணும், சூடு கூடினா கள்ளின்ர மணம் போய் கஞ்சித்தண்ணி மாதிரி ஆகீடும். அதுக்கு சரியான தொட்டி வேணும், வெப்பமானி வேணும், போத்தில் கழுவிற மிஷின், நல்ல மூடி, தண்ணிக்கு வடிகட்டி. அலுமாரிச் சீலையெல்லாம் ஒரு மாசம் புளிச்ச மணம்.

அதுக்குப் பிறகு கொப்பியில கணக்குப் போட்டுப் பாத்தன், கணக்கு எழுதித்தானே பிழைச்சவன். போத்திலுக்குப் போறதெண்டா மதுவரி அனுமதி மட்டுமில்ல. பிரதேச செயலகத்தில வியாபாரப் பதிவு, பிரதேச சபை அனுமதி, கழிவுத்தண்ணி போறதால சுற்றாடல் உரிமம், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து பாக்க ஏத்த தரையும் சுவரும் உள்ள கட்டடம், லேபிள்ல போடவேண்டிய விசயங்கள், வருமான வரி இலக்கம், அதுக்கு மேல மதுவரி. இதில ஒண்டும் அநியாயம் எண்டு சொல்லமாட்டன், குடிக்கிற சாமான் தானே. ஆனா எனக்குத் தெரிஞ்சவரைக்கும் இதெல்லாம் மாசத்துக்கு ஆயிரம் போத்தில் அடைக்கிறவனுக்கும் ஒரே அளவு, லட்சம் போத்தில் அடைக்கிறவனுக்கும் ஒரே அளவு. கனடாவில சின்ன ஆக்களுக்கெண்டு வேற விதமான சலுகை இருக்கு எண்டு மச்சான் சொல்லுறான், இங்க சின்ன ஆள் எண்ட ஒரு பெட்டியே போமில இல்லை. முப்பத்திரண்டு மரத்தை வச்சுக்கொண்டு, அதுவும் வருசத்தில பாதி மாசம் மட்டும் வடியுற பனையை வச்சுக்கொண்டு, அந்தச் செலவை ஏத்த என்னால ஏலாது. தென்னை எண்டா வருசம் முழுக்க வரும், ஆனா எங்களிட்ட தென்னை ஏழுதான், அது கறிக்கு.

ஒரு பக்கம் நான் இப்பிடிக் கணக்குப் பாத்துக்கொண்டிருக்க, அங்கால கிளிநொச்சியில கொஞ்சக் காலத்துக்க பார் லைசன்ஸ் வரிசையா வந்துது, பிறகு பாராளுமன்றத்திலயும் அதைப்பற்றிக் கதைச்சவை. இன்னொரு பக்கம் காட்டுக்கரையில கசிப்பு, அதுக்கு ஒரு லைசன்ஸும் இல்லை, ஒரு லேபிளும் இல்லை, என்ன போட்டு காச்சிறாங்கள் எண்டு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். நடுவில நிக்கிறது கள்ளு. தவறணைக்கு வாற ஆள் குறையக் குறைய சீவுற ஆளும் குறையுது. மாமாவோட சீவத் தொடங்கின ஏழு பேரில இப்ப மரத்தில நிக்கிறது அவரும் இன்னொருவரும்தான். தமிழ்நாட்டில இருக்கிற ஒரு சிநேகிதன் "உங்களுக்குக் கள்ளு விக்கவாச்சும் விடுறாங்களே, எங்களுக்கு 1987 இல இருந்து தடை" எண்டான். அதைக் கேட்டு சந்தோசப்படுறதோ எண்டு தெரியேல்ல.

இன்னொரு பிழையும் விட்டன், அதையும் சொல்லுறன், பிறகு ஆரும் மாட்டுப்படக்கூடாது. லைசன்ஸ் கிடைக்க முதலே பேஸ்புக்கில ஒரு பேஜ் திறந்து, நுரை தள்ளுற பிளாவின்ர படம் போட்டு "விரைவில்" எண்டு எழுதினன். முந்நூறு லைக். அந்த வயசான உத்தியோகத்தர்தான் போன் எடுத்து "தம்பி உடன கழட்டும்" எண்டவர். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம், புகையிலை மதுசார அதிகாரசபைச் சட்டம், அதின்படி மதுவுக்கு விளம்பரம் செய்ய ஏலாது. 21 வயசுக்குக் குறைஞ்ச ஆளுக்கு விக்கவும் ஏலாது. பேஸ்புக்கில லைக் போட்ட பெடியளில பாதிப்பேர் பள்ளிக்கூடத்தில ஓ.எல். படிக்கிறவங்கள். பேஜை அண்டைக்கே அழிச்சன். கிராஃப்ட், ஹேண்ட்மேட் எண்டு வெளிநாட்டில செய்யிற பிராண்ட் வேலையெல்லாம் இங்க கள்ளுக்குச் சரிவராது. பனங்கட்டிக்கு விளம்பரம் போடலாம், அது வேற.

பிறகு நாள் கணக்கு. போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை எண்டா தவறணை பூட்டு. பனைக்குப் போயா தெரியாது, அண்டைக்கும் ரெண்டு நேரம் சீவாட்டி பாளை காஞ்சுபோகும். அதால போயாவுக்கு முதல் நாள் பின்னேரமே முட்டிய மாத்தி சுண்ணாம்பு முட்டி கட்டிறது எண்டு மாமாவும் நானும் ஒரு ஒழுங்குக்கு வந்தம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கும் அப்பிடித்தான், அந்த நேரம் எங்கட பக்கம் கள்ளுப் பேச்சே எடுக்கேலாது, அம்மாள் கேட்டிடுவா எண்டு அம்மம்மா.

வினாகிரியும் யோசிச்சன். புளிச்ச கள்ளுத்தானே, சும்மா விட்டா அதுபாட்டுக்கு ஆகும் எண்டு நினைக்கிறியளோ? ஆகும், ஆனா அசற்றிக் அமிலம் 4 வீதமாவது வரவேணும், அதுக்கு கிழமைக் கணக்கில காத்துப் பட வைக்கவேணும், மேல ஆடை மாதிரி ஒரு படை பிடிக்கும், அதைக் குழப்பக்கூடாது. சட்டப்படி வினாகிரிக்கெண்டு இறக்கினாலும் நடுவில அது கள்ளாத்தான் நிக்குது, ஆகவே அதுக்கும் முதலே அனுமதி எடுக்கவேணும். "வினாகிரிதானே" எண்டு தப்பலாம் எண்டு யாரும் யோசிச்சா, நான் "கருப்பநீர்தானே" எண்டு போன றோட்டை நினையுங்கோ.

ஆரும் தொடங்கப் போறியள் எண்டா எனக்குப் பட்ட ஒழுங்கு இது. முதல் காணிப் பேப்பர். பிறகு சீவுற ஆள், ஆள் இல்லாம லைசன்ஸ் எடுத்து என்ன செய்யிறது, எங்கட பக்கம் பேப்பரை விட ஆள்தான் தட்டுப்பாடு. பிறகு சங்கம். மதுவரிக் கந்தோருக்குப் போகேக்க "லைசன்ஸ் வேணும்" எண்டு கேளாதேங்கோ, என்ன செய்யப்போறன், எத்தினை மரம், எங்க கொண்டு போவன், ஆருக்குக் குடுப்பன் எண்டு ஒரு பக்கத்தில எழுதிக்கொண்டு போங்கோ. ஒரு ஆள் எவ்வளவு கொண்டு திரியலாம் எண்ட அளவையும் அங்கயே கேட்டு எழுதி எடுங்கோ, சந்தியில நிக்கிற ஆக்கள் சொல்லுற அளவு ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு. மரம் ஏறுற ஆளுக்கு விபத்துக் காப்புறுதி ஒண்டு போடுங்கோ, சங்கத்தின்ர உதவி ஆசுப்பத்திரிச் செலவுக்கே காணாது. இது மாமா போன வைகாசியில தளநார் அறுந்து பத்தடியில இருந்து வழுக்கினப் பிறகு எனக்கு உறைச்சது, நல்ல காலம் கணுக்கால் சுளுக்கோட போச்சு, ரெண்டு கிழமை வீட்டில கிடந்தார், அந்த ரெண்டு கிழமையும் பன்ரண்டு மரத்தின்ர பாளை காஞ்சு போச்சு.

இப்ப நாங்கள் ஓடுற விதம்: முப்பத்திரண்டில பன்ரண்டு மரம் சங்கத்துக்கு, கள்ளு. மிச்சம் இருபதும் சுண்ணாம்பு முட்டி, கருப்பநீர். ஒரு கிலோ பனங்கட்டிக்கு ஏழெட்டு லீற்றர் போகும், விறகும் போகும், அம்மாவும் சித்தியும் அடுப்படியில, ஒரு பருவத்தில கொழும்பில ரெண்டு கடைக்கும் மச்சானுக்கும் அனுப்பக்கூடிய அளவு வருது. போத்தில் கள்ளை விட்டிட்டனோ எண்டு கேட்டா, இல்லை. சங்கத்தில இன்னும் நாலு பேர் சேந்து ஒரு பொதுத் தொட்டி வாங்கி சங்கத்தின்ர பேரிலயே அனுமதிக்குப் போடுவம் எண்டு ரெண்டு கூட்டத்தில கேட்டிருக்கிறன். முதல் கூட்டத்தில கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை, இல்லை. ரெண்டாம் கூட்டத்தில கோரம் இருந்தது, மழை வந்து கூரை ஒழுக, எழும்பிப் போட்டினம். மூண்டாம் கூட்டம் தையில எண்டிருக்கு.

அதுக்கு முதல் மார்கழி. வருசம் முடிய அனுமதி முடிஞ்சிடும், திரும்பப் போம், திரும்ப கிராம சேவகர், திரும்ப படம். மாமாவை ஸ்ரூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போகோணும், மனுசன் தலைப்பாகையைக் கழட்டமாட்டன் எண்டு நிக்கிறார், போன வருசப் படத்தையே குடன், முகம் மாறேல்லத்தானே எண்டுறார்.